காட்டைக் கூட்டின நாள்

ரெண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு ஆவணி மாசம் நான் ஒரு காட்டைக் கூட்டினனான். விளக்குமாத்தாலை இல்லை, மரக்கொப்பாலை. உங்களுக்குச் சிரிப்பு வரும், சிரியுங்கோ. நானும் கன பேருக்கு இதைப் பகிடியாச் சொல்லியிருக்கிறன். ஆனா பாதியோடை நிப்பாட்டிப்போடுவன். மிச்சப் பாதியைச் சொல்ல வெக்கம். இப்ப முழுக்கச் சொல்லுறன்.

அப்ப நான் லண்டன் ஸ்ட்ரெதத்திலை மகளின்ரை வீட்டிலை இருந்தனான். மகள், மருமோன், பதின்மூண்டு வயசிலை ஒரு பேத்தி. மருமோன் கடைச் சாமானை வீடு வீடாக் கொண்டுபோய்க் குடுக்கிற வான் ஓடுறவர். அமைதியான மனிசன். நான் பத்துக் கதை கதைச்சா அவர் ஒரு சொல்லுச் சொல்லுவார். அப்பிடியான ஆளைப் பகிடி பண்ணுறது எனக்கு நல்ல வசதி. அவற்றை சொட்டைத் தலை, வெய்யிலுக்கும் கழட்டாத கம்பளித் தொப்பி, பிரான்ஸிலை இருந்து வந்தவர் எண்டு பாணை வெட்டாமல் பிச்சுப் பிச்சுத் தின்னுறது, ஒண்டையும் விடமாட்டன். "தம்பி, கத்தி விலையே பிரான்ஸிலை?" எண்டு கேப்பன். சிரிச்சுப்போட்டு அடுத்த துண்டைப் பிப்பார்.

அந்த வருசம் ஊரிலை சண்டை முடிஞ்ச வைகாசியோடை அந்த மனிசனுக்கு நித்திரை போச்சு. அவற்றை தாய் வன்னியிலை. மாசக்கணக்கா ஒரு சேதியும் இல்லை. ஆனி மாசம்தான் ஆரோ சொல்லி அறிஞ்சம், மனிசி உயிரோடை இருக்கிறா, சனத்தை அடைச்ச முள்ளுக்கம்பி முகாமிலை தறப்பாள் கொட்டில் ஒண்டிலை இருக்கிறா எண்டு. சேதி வந்தா நித்திரையும் வருமெண்டு நினைச்சம். வரேல்லை. வேலையாலை வந்து கதிரையிலை இருப்பார், கண் திறந்தபடி இருக்கும். ஒருநாள் வானைக் கொண்டுபோய் ஒரு மதிலோடை தேச்சுப்போட்டார். இன்னொருக்காத் தேச்சா வேலை போகும். டொக்டர் குளிசை குடுத்தவர்தான், ஆனா அதைப் போட்டா அடுத்தநாள் வான் ஓட ஏலாது. மகள் ஒவ்வொரு நாளும் அவர் வீட்டுக்கு வருமட்டும் யன்னலடியிலை நிப்பாள். எங்கட வீட்டுக்கு அப்ப வேணுமா இருந்தது ஒண்டே ஒண்டுதான். அந்தாளுக்கு நித்திரை.

அவர் சாமான் குடுக்கிற இடங்களிலை ஒண்டு லண்டனுக்கு வெளியிலை. ஒரு வயசுபோன வெள்ளைக்கார அம்மா தனிய இருக்கிறா, வீட்டுக்குப் பின்னாலை அவவின்ரை சொந்தக் காடு. மருமோன் சாமானை வாசலிலை வைச்சிட்டு வராமல் குசினிக்குள்ளை கொண்டுபோய் மேல்தட்டிலை அடுக்கிக் குடுக்கிறவர். ஒருநாள் அவா இவற்றை முகத்தைப் பாத்திட்டு, நித்திரை இல்லையோ எண்டு கேட்டிருக்கிறா. எங்களுக்கு ஒண்டும் வாய் திறக்காத மனிசன் அவவுக்குச் சொல்லியிருக்கிறார். "காட்டுக்குள்ளை வந்து படும், குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வாரும்" எண்டிருக்கிறா.

காசு இல்லை. குழாய் இல்லை, கக்கூசு இல்லை, லைற் இல்லை. அங்கை வேறை ஆக்களும் வந்து படுக்கிறவையாம், ஆனா ஒருதற்றை கூடாரம் மற்றவருக்குத் தெரியாத தூரத்திலை. அவவுக்கு ஒரே ஒரு சட்டம்தான். நீங்கள் போனபிறகு நான் வந்து பாத்தா, ஆர் எந்த இடத்திலை படுத்ததெண்டு எனக்குத் தெரியக்கூடாது. அப்பிடி விட்டிட்டுப் போற ஆள் எப்ப வேணுமெண்டாலும் திரும்பி வரலாம்.

மருமோன் இந்தச் சட்டத்தை எங்களுக்கு மூண்டு தரம் சொன்னவர். நானும் மூண்டு தரம் தலையாட்டினனான். துப்பரவா விடோணும், அதுதானே. எனக்குத் தெரியாத வேலையோ அது.

சனிக்கிழமை மத்தியானம் வெளிக்கிட்டம். காரிலை நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கேல்லை. "தாய் அங்கை சும்மா குடுத்த தறப்பாளுக்குக் கீழை, மகன் இஞ்சை கடையிலை வாங்கின தறப்பாளுக்குக் கீழை. குடும்பத்துக்கே ஒரு ஸ்டைல்" எண்டு சொன்னன்.

மகள் "அம்மா" எண்டாள். அவ்வளவுதான். மருமோன் றோட்டைப் பாத்தபடி ஓடினார். பேத்தி காதுக்குள்ளை வயரைச் செருகினாள். நான் எனக்கெண்டு கொஞ்சம் சிரிச்சு, அந்தச் சிரிப்பை எங்கை கொண்டுபோய் வைக்கிறதெண்டு தெரியாமல் வெளியாலை மாடு பாத்துக்கொண்டு போனன்.

காடு நல்ல காடு. பெரிய பெரிய மரம், பேர் ஒண்டும் தெரியாது. காலடி வைச்சா இலை மெத்தை மாதிரி அமுங்கும். அங்கங்கை பச்சைப் பாசி, பூனையின்ரை முதுகு மாதிரி. பேத்திதான் கக்கூசுக்கு எங்கை போறதெண்டு அழுதாள். கையளவு மண்வெட்டி ஒண்டைக் குடுத்து, கிடங்கு கிண்டி இருந்திட்டு மூடு எண்டு தகப்பன் சொன்னார்.

"அம்மம்மா, இட்ஸ் டிஸ்கஸ்டிங்" எண்டாள்.

"வா பிள்ளை. அஞ்சாம் வகுப்போடை நிண்டாலும் இந்தப் பாடத்திலை நான் பட்டதாரி" எண்டு கூட்டிக்கொண்டு போனன்.

ரெண்டு கூடாரமும் அடிச்சு முடிய மருமோன் வாசலிலை இருந்து சப்பாத்தைக் கழட்டினார். மகள் என்னை இடிச்சு, "பாருங்கோ" எண்டாள். பிறகுதான் எனக்கு விளக்கம் சொன்னாள். அவர் பிரான்ஸுக்கு வரேக்கை களவா ஆள் அனுப்பிற ஏஜென்சிக்காரன் காட்டுக்குள்ளை விட்டிட்டுப் போனவனாம். கிழமைக்கணக்கா ஒவ்வொரு நாட்டின்ரை காடாப் படுத்து வந்தவராம். பொலிஸ் வந்தா எழும்பி ஓடோணும் எண்டு சப்பாத்தோடைதான் படுக்கிறதாம். நாலு தரம் பிடிபட்டவராம். பதினைஞ்சு வருசமா மருமோனா வைச்சிருக்கிறன், இதொண்டும் எனக்குத் தெரியாது. நான் கேட்டதெல்லாம் கத்தி விலையோ எண்டுதானே.

ஞாயிற்றுக்கிழமை நான் எழும்பேக்கை நல்லா விடிஞ்சு கிடந்தது. மருமோன் படுத்த கூடாரத்துக்குள்ளை குறட்டை. மகளும் வெளியிலை வந்து நிண்டு கேட்டாள். பேத்தியும் கேட்டாள். மூண்டு பேரும் ஏதோ சங்கீதக் கச்சேரி மாதிரிக் காது குடுத்துக்கொண்டு நிண்டம். எட்டு மணி, எட்டரை, ஒன்பது, அந்தாள் அசையேல்லை. மகளுக்குக் கண்ணாலை தண்ணி. "எழுப்பிப்போடாதேங்கோ அம்மா" எண்டு கையாலை காட்டிப்போட்டு, காரிலை இருக்கிற தண்ணிக்கானை எடுத்துவரப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போனாள்.

எனக்குச் சும்மா இருக்க ஏலாது. விடிய எழும்பினா வாசலைக் கூட்டோணும், அது இருமல் மாதிரி, தன்பாட்டிலை வரும். அதோடை எனக்கு அண்டைக்கு அப்பிடி ஒரு சந்தோசம். அவர் எழும்பி வெளியிலை வரேக்கை இடம் பளிச்செண்டு இருக்கோணும் எண்டு நினைச்சன். பச்சைக் கொப்பு நாலைஞ்சை முறிச்சுக் கட்டினன். கூடாரத்தடியிலை துவங்கி வட்டமாக் கூட்டிக்கொண்டு போனன், சத்தம் போடாமல், மெல்ல மெல்ல. இலை கைமுட்டு ஆழத்துக்குக் கிடந்தது. கூட்டக் கூட்டக் கீழை கறுப்பு மண் வந்தது. பாசி பாய் மாதிரிக் கழண்டு வந்தது. அதையும் சேத்து அள்ளினன். ஒரு கலியாண வீடு வைக்கலாம், அப்பிடி ஒரு வாசல் முத்தம். குப்பையைக் குவிச்சா அடுத்தது என்ன? அடுப்பு மூட்ட வைச்சிருந்த நெருப்புப்பெட்டியை எடுத்துக் கொளுத்தினன்.

புகை எழும்பி ஒரு பத்து நிமிசம் இருக்காது, நாய் குலைக்கிற சத்தம் கேட்டுது. அந்த வெள்ளைக்கார அம்மா ஓடி வாறா. நல்ல நாள் பெருநாளிலை கூட ஓடக்கூடிய வயசில்லை அவவுக்கு. வந்தவா ஒரு கதையும் இல்லாமல் சப்பாத்துக் காலாலை நெருப்பை மிதிச்சா. எங்கட குடிதண்ணிப் போத்தல் எல்லாத்தையும் எடுத்து ஊத்தினா. காஞ்ச இலை, ஒரு காத்து அடிச்சிருந்தா காடே போயிருக்கும் எண்டு பேத்தி எனக்குப் பிறகு சொன்னவள். நெருப்பு அணைஞ்ச பிறகு அவா அந்த வட்டத்தைப் பாத்தா. குனிஞ்சு ஒரு துண்டுப் பாசியை எடுத்துத் திருப்பி மண்ணிலை வைச்சு அமத்தினா. அது நிக்கேல்லை.

மருமோன் வெறுங்காலோடை வெளியிலை வந்து நிண்டார். மகளும் பேத்தியும் தண்ணிக்கானோடை ஓடி வந்திச்சினம்.

அவா கேட்டா, ஆர் செய்ததெண்டு. எனக்கு இங்கிலீசு பெரிசாத் தெரியாது, ஆனா "ஹூ" எண்டா தெரியும். என்ரை கையிலை அந்தக் கொப்புக்கட்டு இருந்தது. நான் அதைப் பின்பக்கமா விட்டன், சீலைத் தலைப்பாலை மறைச்சுக்கொண்டு. பிறகு மரத்தைப் பாத்தன். ஏதோ அந்த மரத்திலை குரங்கு இருக்கிற மாதிரி அண்ணாந்து பாத்துக்கொண்டு நிண்டன்.

மருமோன் "மீ" எண்டார். "ஐ ஆம் சொறி. மீ."

நான் அப்ப ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். நெஞ்சிலை கை வைச்சுக் காட்டினாலே காணும், பாசையே தேவையில்லை. நான் என்ன செய்தன் தெரியுமோ? மகளிட்டை மெல்லமாச் சொன்னன், "ஆம்பிளை முத்தம் கூட்டுவானோ, கிழவி நம்புதோ எண்டு பார்" எண்டு. பகிடி விட்டன். ஒருதரும் சிரிக்கேல்லை. பேத்தி என்னைப் பாத்த பார்வை இருக்கே, அதைச் சொல்ல எனக்குத் தெரியாது.

அந்த அம்மா மருமோனோடை கொஞ்ச நேரம் கதைச்சா. ஏசேல்லை. ஏசியிருந்தாப் பரவாயில்லை. நாயைக் கூட்டிக்கொண்டு திரும்பி நடந்தா. மருமோன் சப்பாத்தைப் போட்டு, கயிறு கட்டி, கூடாரங்களைக் கழட்டினார்.

கார் லண்டனுக்குள்ளை வந்த பிறகுதான் பேத்தி வாய் திறந்தாள். "அம்மம்மா, நீங்கதானே செய்தனீங்கள். தட்ஸ் நாட் ஃபெயார்."

"விடு பிள்ளை" எண்டார் தகப்பன்.

இனி வரவேண்டாம் எண்டு அவா சொல்லிப்போட்டாவாம். அடுத்த கிழமையே அவர் பழையபடி கதிரையிலை, கண் திறந்தபடி. மகளும் பழையபடி யன்னலடியிலை. நான் குசினிக்குள்ளை சட்டி கழுவிறதா நடிச்சுக்கொண்டு எட்டி எட்டிப் பாப்பன். கடைசியா ஒருநாள் தேத்தண்ணியைக் கொண்டுபோய் முன்னாலை வைச்சிட்டு நிண்டன்.

"தம்பி, மாமிதான் செய்தது எண்டு நீங்கள் சொல்லியிருக்கலாமே."

"சொல்லி என்ன மாமி."

"என்னை ஏசியிருப்பா. எனக்கு விளங்கியிராது. ஏச்சு வீணாப் போயிருக்கும், உங்களுக்கும் காடு கிடைச்சிருக்கும்."

அவர் சிரிக்கிற மாதிரி வாயைக் கோணினார். பிறகு, "அவா கேக்கேக்கை நீங்கள் கொப்புக்கட்டைச் சீலைக்குள்ளை ஒளிச்சனீங்கள் மாமி. நான் கண்டனான்" எண்டார்.

நான் இவ்வளவு காலமும் அந்தாளுக்கு முன்னாலை ராசாத்தி மாதிரித் திரிஞ்சனான். என்ரை பயத்தைக் கண்டு, பேசாமல் தன்ரை தலையிலை வாங்கியிருக்கிறார். தேத்தண்ணிக் கோப்பையைத் திருப்பி எடுத்துக்கொண்டு குசினிக்குப் போயிட்டன். அவர் ஒரு வாய் கூடக் குடிக்கேல்லை எண்டது பிறகுதான் தெரிஞ்சுது.

பேத்தியை இருத்தி அந்த அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதுவிச்சன். நான் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீசிலை எழுதினாள். கூட்டினது நான், கொளுத்தினது நான், ஒளிச்சது நான், பொய்யைக் கேட்டுக்கொண்டு நிண்டதும் நான். நடுவிலை ஒரு பகிடி சொன்னன், உங்கட காட்டிலை நூறு வருசத்துக் குப்பை கிடந்ததெண்டு. பேத்தி பேனையை மேசையிலை வைச்சாள். "ஏலாது அம்மம்மா. அதை எழுதமாட்டன்."

"சரி, விடு" எண்டன். அதுதான் என்ரை வாழ்க்கையிலை நான் திருப்பி எடுத்த முதல் பகிடி.

மறுமொழி வந்தது. சின்னக் கடிதம். அவர் வரலாம், உண்மை சொன்னதுக்கு நன்றி, நீங்கள் தயவுசெய்து வரவேண்டாம். நல்ல மனிசி. அவவின்ரை இடத்திலை நான் இருந்தாலும் என்னை விடமாட்டன்.

கடிதத்தை மருமோனுக்கு வாசிச்சுக் காட்டப் பேத்திக்குச் சொன்னன். அவர் கேட்டிட்டு வாங்கி மடிச்சுச் சேட்டுப் பையிலை வைச்சார். புரட்டாசி மாசம் ஒரு சனிக்கிழமை தனியப் போனார். புட்டும் முட்டைப் பொரியலும் கட்டிக் குடுத்தனான். நாளைக்குப் பின்னேரந்தான் வருவார், நல்லாப் படுத்தெழும்பி வரட்டும் எண்டு நானும் மகளும் கதைச்சுக்கொண்டம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் காலமைத் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்க வாசலிலை கார் வந்து நிக்குது.

"என்ன தம்பி, விடியவே?"

"நித்திரை வரேல்லை மாமி."

"ஏன், குளிரோ?"

"இல்லை. ஆரும் வருவினமோ எண்டு பாத்துக்கொண்டு கிடந்தன்."

எனக்கு விளங்கீட்டுது. முதல்தரம் அங்கை ஒருதரும் வரமாட்டினம் எண்டு நம்பித்தான் அந்த மனிசன் குறட்டை விட்டுப் படுத்தது. அங்கையும் ஆக்களைக் கொண்டுவந்து, ஆர் செய்ததெண்டு கேட்கப் பண்ணினது நான். அதுக்கு அந்த அம்மா கடிதம் போட்டு என்ன செய்யிறது, நான் போட்டு என்ன செய்யிறது.

சாப்பிட்டனீங்களோ எண்டு கேட்டன். ஓம் எண்டு போட்டுக் குளிக்கப் போனார். பையைத் திறந்து பாத்தன். புட்டுப் பெட்டி நான் கட்டின மாதிரியே கிடந்தது. அவர் குளிச்சிட்டு வாறதுக்கிடையிலை அதை எடுத்துச் சூடாக்கி, முட்டையைப் புதுசாப் பொரிச்சு, அப்பதான் அவிச்ச மாதிரித் தட்டிலை போட்டுக் குடுத்தன். அவர் என்னையும் பாத்தார், புட்டையும் பாத்தார். பிறகு குனிஞ்சு சாப்பிட்டார்.