ஒரு ஸ்பூன் தயிரும் நாலாவது இடமும்

தொம்மலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, ஊர்க்கோடியில் இருந்த விளையாட்டுப் பயிற்சி முகாமின் சமையல்கட்டுக்குப் பல வருஷம் போய் வந்தேன். சப்பாத்தி போடுகிற வேலை. ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு என்று நாட்டுக்காக ஆடப் போன பெண்கள் என் சப்பாத்தியைத் தின்றுவிட்டுத்தான் விமானம் ஏறினார்கள். அதனால் நாட்டின் விளையாட்டுச் சரித்திரத்தில் என் மாவும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. வேறு யாரும் எழுதமாட்டார்கள் என்பதால் நானே எழுதிக்கொள்கிறேன்.

சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் அந்தச் சரித்திரத்தைப் படம் படமாக மாட்டியிருந்தார்கள். முதலில் கறுப்பு வெள்ளையில் ஹாக்கிக்காரர்கள், எல்லாம் தங்கம். அப்புறம் வெகுதூரத்துக்குச் சுவர் காலி. அங்கே ஒரு காலண்டர் தொங்கும். அதைத் தாண்டித்தான் கலர் படங்கள். இதெல்லாம் எங்கள் தலைமைச் சமையல்காரருக்கு மனப்பாடம். கோலார் பக்கத்துத் தமிழர், என்னைவிடச் சின்னவர்.

"நடுவுல ஆளே இல்லன்னு நெனைக்காத யக்கா. ஓட்டத்துல ஒருத்தர் நாலாவது வந்தாரு, நூல் அளவுல போச்சு. தடை தாண்டுற ஓட்டத்துல ஒரு பொண்ணு, அதுவும் நாலாவது. மெடல் இல்லாம எப்படி மாட்டறது?"

"மூணு எலதான் போட்டிருக்குன்னு தெரிஞ்சும் நாலாவதா போய் நிக்கறாங்களே. எங்க வீட்டுக்காரரும் பந்தியில இப்படித்தான்," என்றேன்.

என் சப்பாத்தி தின்ற பெண்களில் ஒருத்திதான் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறாள். வடக்கே கோதுமை விளைகிற ஏதோ ஊர். ஹாக்கியில் கோலுக்கு முன்னால் நின்று, பந்தோடு வருகிறவளை மறிக்கிற வேலை. பயிற்சி முடிந்ததும் சமையல்கட்டுக்கு வந்து மாவு மூட்டைமேல் உட்காருவாள். இந்தி எனக்கு அரைகுறை, அதனால் அவளைத் தமிழ் படிக்க வைத்தேன். நக்கலைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தேன், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

"அம்மா, இது சப்பாத்தியா, ஷூ அடியா?" என்பாள்.

"ஷூன்னா ஜோடியா வேணும்டி. இந்தா, இன்னொண்ணு."

ஒலிம்பிக்குக்குக் கிளம்பின காலையில், வாசலில் பஸ் நிற்க, கோட்டும் சூட்டுமாக உள்ளே ஓடி வந்தாள்.

"அம்மா, ஒரு ஸ்பூன் தயிர் ஊட்டி விடுங்க. உங்க கையால."

அவர்கள் ஊரில் நல்ல காரியத்துக்குப் போகிறவர்களுக்கு வீட்டுப் பெரியவர்கள் தயிர் கொடுத்து அனுப்புவார்களாம். எனக்குக் கை கொள்ளாத சந்தோஷம். ஒரு ஸ்பூன் தயிர் எடுத்தேன், உப்புப் போட்டேன், கலக்கி ஊட்டினேன். தயிர் என்றால் எங்கள் கை தானாக உப்பு ஜாடிக்குத்தான் போகும். அவள் முகம் ஒரு கோணலாகக் கோணியது. பிறகு முழுங்கிவிட்டாள்.

"சக்கரை போடணும்மா," என்றாள், யாருக்கும் கேட்காமல்.

"ஐயோ, இரு கண்ணு, வேற தரேன். வாயத் தொற."

"வேணாம்மா. ஒரு தடவதான் குடுக்கணும். பரவால்ல."

பின்னாலேயே மற்ற பெண்களும் வந்து வரிசையில் நின்றார்கள். அத்தனை பேருக்கும் சர்க்கரை போட்டுத்தான் கொடுத்தேன். உப்போடு போனவள் அவள் ஒருத்திதான்.

வெண்கலத்துக்கான மேட்ச் அன்று அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். கடைசி வரைக்கும் இழுத்துப் பிடித்தார்கள். அவளைத் தாண்டிக்கொண்டு ஒருத்தி பந்தோடு போனாள். அந்த ஒரு கோலில் எல்லாம் போயிற்று. அவள் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சமையல்காரர் சுவரைப் பார்த்தார். எனக்கு நாக்கெல்லாம் உப்புக் கரித்தது.

திரும்பி வந்தபோது மாலை, மேளம், மேடை. நாலாவது வந்ததே பெரிய சாதனை என்று ஆளாளுக்குப் பேசினார்கள். எல்லாம் முடிந்து அவள் சமையல்கட்டுக்கு வந்தாள். தயிர் விஷயத்தைச் சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் என் வாய் எப்போது என் பேச்சைக் கேட்டது?

"வாடி நாலாம் நம்பரு. மாலை வெயிட்டு தாங்குதா?"

அவள் சிரித்தாள். ஒரு சப்பாத்தி தின்றாள். போய்விட்டாள். கொஞ்ச நாளில் முட்டியில் ஆபரேஷன் என்று ஊருக்கு அனுப்பினார்கள், திரும்பி வரவில்லை. அடுத்த ஒலிம்பிக்குக்குப் பெண்கள் அணியே தகுதி பெறவில்லை. ஆண்கள் வெண்கலம் வாங்கி வந்தார்கள், சுவரில் படம் ஏறியது. மாவு மூட்டைமேல் வேறு பெண்கள் உட்கார்ந்தார்கள். சப்பாத்தியை அவர்கள் குறையே சொல்லவில்லை, தின்றுவிட்டு 'தேங்க்யூ' என்றார்கள். அதுதான் எனக்கு ஆகவில்லை.

இப்போது என் முட்டியும் போய், வீட்டோடு இருக்கிறேன். காலையில் அடுப்பில் கல்லைப் போட்டால் காது தானாக வாசல் பக்கம் போகும், யாராவது திட்டிக்கொண்டே வருகிறார்களா என்று. போன மாசம் சமையல்காரர் அவள் நம்பரை வாங்கிக் கொடுத்தார். மூன்று நாள் போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நாலாவது நாள், கல் காய்கிற நேரத்தில் அடித்தேன்.

"அம்மா," என்றாள். தமிழ் அப்படியே இருந்தது.

எடுத்த எடுப்பில் உப்பைச் சொன்னேன். அவளுக்கு ஞாபகம்கூட இல்லை.

"உப்பால இல்லம்மா. அந்தப் பொண்ணு என்னவிட வேகம், அவ்ளோதான்."

இத்தனை வருஷம் சுமந்த உப்புக்கு இவ்வளவுதான் பலமா என்று கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. சிரித்துவிட்டு வைத்துவிடலாம் என்று பார்த்தேன். அவள் வைக்கவில்லை.

"அம்மா, அன்னைக்கு எல்லாரும் ஜெயிச்ச மாதிரியே பேசினாங்க. தோத்துட்டன்னு ஒருத்தர் சொல்லல. நீங்களாவது சொல்வீங்கன்னுதான் கிச்சனுக்கு வந்தேன்."

நக்கல் ஒன்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. முழுங்கினேன்.

"தோத்துட்ட கண்ணு," என்றேன். "கைக்கு வந்தது போயிடுச்சு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. வரவர அது அழுகையாயிற்று. நான் அடுப்பை அணைத்துவிட்டு, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தேன்.