செருப்பில்லாமல் போன ஊர்வலம்

தொண்ணூறுகளின் பிற்பாதியில், ஆக்லாந்தில் குளிர் தொடங்கிய ஒரு ஜூன் மாதம், நாங்கள் மூன்று பெண்கள் வீட்டையும் பிள்ளைகளையும் புருஷன்மாரிடம் ஒப்படைத்துவிட்டு இத்தாலிக்குப் போனோம். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் ஆட்கள் விமானம் ஏறுவதென்றால் கனடாவில் கலியாணம் இருக்க வேண்டும், அல்லது லண்டனில் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்திருக்க வேண்டும். தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத ஊருக்கு எதற்குப் போகிறார்கள் என்று சனம் எங்கள் முதுகுக்குப் பின்னால் கதைத்தது. காரணத்தை நானும் வெளியே சொல்லவில்லை.

காரணம் எங்களில் இளையவள்தான். அவள் மன்னாரைச் சேர்ந்தவள். ஆக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட் பகுதியில் ரயில் சத்தம் கேட்கிற ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு, முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்தாள். முந்தைய வருடம் அவளுடைய அம்மா மடுப் பக்கம் ஓர் அகதி முகாமில் காய்ச்சலில் இறந்துபோனார். சண்டையால் பாதை பூட்டியிருந்தது. செய்தி கொழும்பைச் சுற்றி ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்தபோது, புதைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. தம்பி கனடாவில், இவள் இங்கே. முகாமில் பக்கத்தில் கிடந்த யாரோ சேர்ந்துதான் அடக்கம் செய்திருந்தார்கள்.

இவள் அழவில்லை. அடுத்த நாளே வேலைக்குப் போய், வேறு யாருடையவோ அம்மாமாரைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றினாள். மாதம் ஒருமுறை எங்களுக்குத் தேவாலயத்தில் நடக்கும் தமிழ்ப் பூசைக்கு வருவதை மட்டும் நிறுத்திவிட்டாள். அம்மாவின் ஆன்மாவுக்கு ஒரு பூசை ஒழுங்கு செய்வோம் என்று நான் போனபோது, தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"வேண்டாம் அக்கா. ஆரோ பிறத்தியார் கிடங்கு வெட்டித் தாட்டிருக்கினம். ஒரு பிடி மண் போடச் சொந்தமெண்டு ஒரு கை இல்லை. நான் இஞ்சை மெழுகுதிரி கொளுத்தி என்ன கிழிக்கப் போறன்?"

எங்கள் கத்தோலிக்கச் சனத்தில், பெட்டியைக் குழிக்குள் இறக்கியதும் வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பிடி மண் போடுவோம். முதல் பிடி பிள்ளைகளுடையது. அதைப் போடாதவள் அம்மாவை வழியனுப்பாதவள் என்று அவள் தன்னைப் பற்றி முடிவு கட்டியிருந்தாள். வருடம் முடிந்து ஆண்டுப் பூசையும் வந்துவிட்டது. அதற்கும் அதே பதில்தான். நாளுக்கு நாள் அவள் உள்ளுக்குள் இறுகிக்கொண்டு போனாள். புருஷன் என்னிடம் வந்து, "அக்கா, இவள் என்னோடையும் கதைக்கிறதில்லை" என்று கண் கலங்கினார்.

எனக்கு ஒன்று சரியில்லை என்றால் அதில் கை வைக்காமல் இருக்க முடியாது. கணக்காளர் வேலை பார்த்த புத்தியோ, யாழ்ப்பாணத்துப் பிறவிக் குணமோ தெரியாது. கிளென் ஈடனில் என் வீட்டு அடுப்படியில் நின்றபடியே ஒரு திட்டம் போட்டேன். ரோமுக்குக் கூட்டிக்கொண்டு போவது. அப்போஸ்தலரின் கல்லறைக்கு முன்னால் முழந்தாளில் விட்டால் எந்தக் கல்லும் கரையும்; திரும்பி வந்ததும் பூசை.

மூன்றாவது ஆள் ஃபிஜிக்காரி. சான்ட்ரிங்ஹாமில் டெய்ரி வைத்திருந்தாள். பால், பாண், பத்திரிகை என்று எல்லாம் விற்கிற மூலைக்கடை. பூட்டன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போன குடும்பம். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற சைவக்காரி. கடை திறந்த நாளிலிருந்து லீவு என்றால் என்ன என்று அறியாதவள், நாங்கள் போகிறோம் என்றதும் தானும் தொற்றிக்கொண்டாள்.

ரோமில் என் திட்டம் முதல் நாளே கவிழ்ந்தது. பெரிய தேவாலயத்தின் வாசல்வரை வந்த இளையவள், தூணோரம் உட்கார்ந்து, "நீங்கள் போட்டு வாங்கோ அக்கா, எனக்குக் கால் நோகுது" என்றாள். அடுத்த கோயிலிலும் கால் நொந்தது. அதற்கடுத்ததிலும். மூன்றாம் நாள் எனக்குப் பொறுமை போய், "இவ்வளவு தூரம் பறந்து வந்தது வாசல்லை குந்தியிருக்கவோ?" என்று கத்தினேன். புறாக்கள் பறந்தன. ஃபிஜிக்காரிதான் இடையில் வந்தாள்.

"போதும் அக்கா. கோயில் கோயிலா இழுத்துட்டுப் போறீங்க. அவ மனசு இப்போ அதுக்கு ரெடியா இல்ல. கடலுக்குப் போலாம்."

அப்படித்தான் தெற்கே போகும் ரயிலில் ஏறி, ஒரு சின்னக் கடற்கரை ஊரில் இறங்கினோம். விடுதிக்காரியின் ஆங்கிலமும் எங்கள் இத்தாலியமும் ஒரே தரம்.

ஊர் முழுக்கப் படிக்கட்டு. ஒரு வீட்டின் கூரை அடுத்த வீட்டின் முற்றத்துக்குச் சமமாக இருந்தது. காலையில் துறைமுகத்துக்கு இறங்கி, நீலமும் சிவப்பும் பூசிய வள்ளங்களைப் பார்த்தோம். சந்துகளில் வழி தவறி, ஒரே சிலுவையடிக்குத் திரும்பத் திரும்ப வந்து சேர்ந்தோம். மத்தியானம் ஆனதும் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும். அதைத்தான் ஃபிஜிக்காரியால் தாங்க முடியவில்லை.

"பட்டப் பகல்ல கடையை மூடிட்டுத் தூங்குறாங்க. இவங்கல்லாம் எப்படித்தான் மோர்ட்கேஜ் கட்டுறாங்களோ?"

சாத்திய கதவுகளுக்கு முன்னால் நாற்காலி போட்டு, கறுப்பு உடுத்த கிழவிகள் மட்டும் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். எங்களைப் பார்த்து ஏதோ சொல்வார்கள். நாங்கள் சிரித்துத் தலையாட்டுவோம். ஒரு கடையில் சின்ன மீன் பொரித்துக் காகிதச் சுருளில் தந்தார்கள். இளையவள் ஒன்றை வாயில் போட்டு, "நெத்தலிதான். மிளகாய்த்தூள் போட மறந்திட்டாங்கள்" என்றாள். அந்தப் பயணத்தில் அவள் சொன்ன முதல் பகிடி அது. நானும் ஃபிஜிக்காரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அங்கிருந்து புறப்படுவதற்கு முதல் நாள், வெயில் சற்று இறங்கிய நேரம், மேல் தெருவில் பாண்ட் வாத்தியம் கேட்டது. படியேறிப் போய்ப் பார்த்தால் தெரு நிறையச் சனம் போய்க்கொண்டிருந்தது. முன்னால் வெகு தூரத்தில் சிலுவை. பெரிய பெரிய பூ வளையங்கள். வெள்ளை அங்கி போட்ட பாதிரியார். பின்னால் ஊர்ச் சனம். கிழவிகள் கறுப்பில்தான் வந்தார்கள், ஆனால் அவர்கள் என்றைக்கு வேறு நிறம் உடுத்தார்கள்?

"பெருநாள்!" என்றேன் நான். "மாதாவின்ரை சுற்றுப்பிரகாரம் போகுது."

"பாட்டு சோகமா இருக்கே" என்றாள் ஃபிஜிக்காரி.

"வியாகுல மாதாவாக்கும். அதுக்கு இப்பிடித்தான் இழுத்து வாசிப்பினம்."

என் விளக்கங்களுக்கு எப்போதும் குறைவில்லை. ஆனால் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. இளையவள் குனிந்து செருப்பைக் கழற்றினாள். எங்கள் ஊர்களில் மாதா சிலையான சொரூபத்தின் பின்னால் செருப்போடு போவதில்லை. ஒரு வருடமாகக் கோயில் வாசல் மிதிக்காதவள், வாத்தியச் சத்தம் கேட்டதும் சின்னப் பிள்ளையாகத் தன்பாட்டில் கூட்டத்துக்குள் இறங்கிவிட்டாள். நானும் அவசர அவசரமாகக் கழற்றினேன். எல்லாச் செருப்புகளையும் ஃபிஜிக்காரி தன் பைக்குள் திணித்துக்கொண்டாள். சுடுகிற கல்லில் கால் பதைக்க நடந்தாலும் என் மனம் குளிர்ந்திருந்தது. ரோமால் முடியாததை இந்த மாதா செய்துவிட்டாள் என்று நன்றி சொல்லிக்கொண்டே நடந்தேன்.

தெரு வளைகிற இடத்தில்தான் முன்பகுதி முழுதாகத் தெரிந்தது. ஆண்கள் தோளில் சுமந்துபோனது சொரூபம் இல்லை. சவப்பெட்டி.

போயும் போயும் இவளைக் கொண்டுவந்து ஒரு செத்த வீட்டில் தள்ளிவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டு அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "பிள்ளை, வா, திரும்புவம்."

அவளும் பார்த்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் கால் நிற்கவில்லை.

"சவத்துக்குப் பின்னாலை வந்திட்டு இடையிலை திரும்பிப் போறதே? பேசாமல் நடவுங்கோ அக்கா."

நடந்தோம். சனம் எங்கள் வெறுங்கால்களைப் பார்த்தது. சிலர் குசுகுசுத்தார்கள். ஒரு கிழவி விலகி, எங்களை முன்னுக்குப் போகச் சொல்லிக் கை காட்டினாள். சவக்காலை என்று நாங்கள் சொல்லும் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் ஃபிஜிக்காரி நின்றுவிட்டாள்.

"எங்க ஆளுங்கள்ல பொம்பளைங்க உள்ள போறதில்ல. நான் இங்கேயே நிக்கிறேன். நீங்க அவளை விட்டுடாதீங்க."

உள்ளே நுழைந்ததும் இளையவள் ஒரு மரத்தடியில் குனிந்து, நகத்தால் கிளறி ஒரு பிடி மண் எடுத்தாள். வேறு யாரும் எடுக்கவில்லை. ஏன் என்பது கொஞ்சம் தள்ளிப் போனதும் விளங்கியது. அங்கே குழி இல்லை. உயரமான சுவர் ஒன்றில் பெட்டி பெட்டியாக அறைகள். அநேகமானவை பெயரும் படமும் பதித்து மூடியிருந்தன. திறந்திருந்த ஓர் அறைக்குள் சவப்பெட்டியைத் தள்ளினார்கள். மேசன் ஒருவர் கல் வைத்துச் சீமெந்து பூசத் தொடங்கினார்.

"அக்கா, மண் எங்கை போடுறது?" என்றாள் என் காதுக்குள்.

அவள் கையைப் பொத்திப் பிடித்தபடியே நின்றாள். சுவர் அடைபட்டுக்கொண்டே வந்தது. இந்த மண்ணையும் போட முடியாமல் போனால் இவள் இனி எழும்பமாட்டாள் என்று பயந்தேன்.

பூசி முடிந்ததும் இறந்தவரின் மகள் ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள். எங்கள் வயதுதான் இருக்கும். எங்கள் வெறுங்கால்களைப் பார்த்து நின்றாள். எங்கள் நாட்டுப் பெண்கள் பலர் அந்தக் காலத்தில் இத்தாலியில் முதியவர்களைப் பார்க்கும் வேலை செய்தார்கள். தன் அம்மாவை எப்போதோ பராமரித்த ஒருத்தி என்று அந்த மகள் நினைத்திருக்க வேண்டும். இளையவளை இறுகக் கட்டிக்கொண்டு ஏதேதோ சொன்னாள். 'மம்மா' என்பது மட்டும் எங்களுக்குப் புரிந்தது. பிறகு அவள் கையைப் பிடிக்கப் போனபோது பொத்திய விரல்களுக்குள் மண் இருப்பதைக் கண்டாள்.

இளையவள் சுவரைப் பார்த்தாள். அந்தப் பெண் மண்ணையும் சுவரையும் இவள் முகத்தையும் பார்த்துவிட்டு, மெல்ல ஒரு பக்கம் ஒதுங்கினாள். இளையவள் போய், ஈரச் சீமெந்தின் மேல் மண்ணை அழுத்தினாள். கொஞ்சம் ஒட்டியது, கொஞ்சம் உதிர்ந்தது. மேசன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மகள் கையை உயர்த்தி அவரைத் தடுத்தாள். அப்போதுதான் அது வந்தது. "என்ரை அம்மா" என்று இளையவள் வைத்த சத்தத்தில் சவக்காலையே திரும்பிப் பார்த்தது. அந்த மகளும் அவளும் சுவரில் சாய்ந்து சேர்ந்தே அழுதார்கள். ஒரு வருட அழுகை. நானும் அழுதேன், வெட்கமில்லாமல்.

வாசலில் ஃபிஜிக்காரி எங்களுக்காகக் காத்திருந்தாள். செருப்பைத் தரவில்லை. "முதல்ல குளிக்கணும். செத்த வீட்டுக்குப் போயிட்டு அப்படியே ரூமுக்குப் போகக் கூடாது" என்று எங்களை நேரே கடலுக்கு நடத்திக்கொண்டு போனாள். உடுத்த உடுப்போடு மூவரும் இறங்கித் தலை முழுகினோம். குளிக்க வந்த வெள்ளைக்காரர் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று, இளையவள் கண்ணைத் துடைத்தாள்.

"அக்கா, அந்த மனுசிக்கு நான் ஆர்?"

"ஒருத்தருமில்லை."

"முகத்தைக்கூடப் பாக்கேல்லை. ஆனால் பொய்க்கு அழேல்லை அக்கா. அந்த மனுசிக்காகவும்தான் அழுதனான்." கையால் தண்ணீரை அளைந்தாள். "முகாமிலையும் அப்பிடி ஒருத்தி நிண்டிருப்பாள், என்ன? அம்மாவுக்கு."

"ஓம்" என்றேன்.

ஆக்லாந்துக்குத் திரும்பிய பிறகு வந்த முதல் தமிழ்ப் பூசைக்கு அவள் எனக்கு முன்பே வந்து நின்றாள். எந்த ஆன்மாக்களுக்காகப் பூசை என்று கேட்டு எழுத ஃபாதர் பேனாவை எடுத்தார். அம்மாவின் பெயரைச் சொன்னாள். பிறகு, "இன்னொரு அம்மாவும் இருக்கிறா, ஃபாதர். இத்தாலியிலை செத்தவ. பேர் தெரியாது" என்றாள்.

ஃபாதர் கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார். "உமக்கு என்ன முறை, பிள்ளை?"

"நான் மண் போட்டனான், ஃபாதர்" என்றாள்.