ஏழு அறைகளும் பச்சை

அலுவலகத்தில் அவளுக்கு ‘மூணு தடவை அக்கா’ என்று பெயர் வைத்தவன் நான்தான். அணைத்த அடுப்பை மூன்று தடவை திருகிப் பார்ப்பாள். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். பஸ் ஓட்டும் அவள் கணவர் தினமும் மதியம் போன் செய்து, "பஸ் நின்னாச்சு, நானும் இறங்கியாச்சு, நீ கொஞ்சம் உக்காரும்மா" என்று சொல்ல வேண்டும். அதுவரை அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

அவள் பார்த்த வேலையும் பயப்பட வேண்டிய வேலைதான். எங்கள் சின்ன நிறுவனம் மருத்துவமனைகளுக்கு ஒரு மென்பொருள் செய்து கொடுக்கிறது. நோயாளிக்கு மருந்து ஏற்றும் பம்பில் மருந்து தீரப் போனால், நர்ஸ் மேசையில் இருக்கும் கணினி சத்தம் போடும். பம்பும் கத்தும்தான். ஆனால் நோயாளி அறையின் மூடிய கண்ணாடிக் கதவைத் தாண்டி அது மேசைக்குக் கேட்காது. அந்தக் கணினிகளில் ஓடுவது லினக்ஸ் என்னும் இயங்குதளம். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தம் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதால், ஒரு மருத்துவமனையில் போன வருடப் பதிப்பு இருக்கும், இன்னொன்றில் பத்து வருடப் பழசு இருக்கும். எல்லாவற்றிலும் எங்கள் மென்பொருள் ஒழுங்காக ஓட வேண்டும். ஓடுகிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. அதற்காகவே வெவ்வேறு பதிப்பு ஓடும் மூன்று கணினிகளை மேசையில் வரிசையாக வைத்திருந்தாள்.

அதில் மிகப் பழையது போட்ட உறுமலில் பக்கத்து இருக்கையில் இருந்த எனக்குத் தினமும் மண்டையிடி. அவள் லீவு போட்ட ஒரு நாள் அதைக் கழற்றி, பழைய சாமான் வாங்குபவரிடம் போட்டுவிட்டேன். மறுநாள் வந்தவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"பழைய பதிப்பை இனிமே எதுல சோதிக்கிறது?"

"புது மெஷின்லயே கண்டெய்னர்னு தனியா ஒரு மென்பொருள் பெட்டி போட்டுக்கலாம்க்கா. அதுக்குள்ள பழைய பதிப்பு அப்படியே ஓடும். ரெண்டும் ஒண்ணுதான்."

"நல்லாத் தெரியுமா?"

"மூணு தடவை சொல்லணுமா?" என்றேன். அறையே சிரித்தது. அவளும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள். அந்தக் கேலிக்குப் பயந்து, முதன்முறையாக ஒரு சோதனையை ஒரே தடவை பார்த்ததோடு விட்டுவிட்டாள். கண்டெய்னரில் சோதனை தேறியது. ‘பழைய பதிப்பிலும் சோதித்தாகிவிட்டது’ என்று கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரம் காலை பதினொரு மணிக்கு, பத்து வருடப் பழசு ஓடுகிற ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிய மென்பொருள் போனது.

பன்னிரண்டரைக்கு அவள் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு காய்ந்திருந்தது.

"மனசு கேக்கல. கண்டெய்னருக்குள்ள போய் கெர்னல் நம்பர் கேட்டேன். புது மெஷினோட நம்பர்தான் வருது."

கெர்னல்தான் லினக்ஸின் அடித்தளம். கண்டெய்னர் பழைய பதிப்பின் கோப்புகளை மட்டுமே கொண்டுவரும், அடித்தளம் புதியதாகவே இருக்கும். பழைய வீட்டுக் கட்டிலையும் பீரோவையும் புது வீட்டில் போட்டுவிட்டு, பழைய வீட்டுக் கூரை ஒழுகவில்லை என்று நாங்கள் சான்று கொடுத்திருந்தோம். பம்புகளின் எச்சரிக்கையை வாங்க, புதிய கெர்னலில் மட்டும் இருக்கும் ஒரு வசதியை இந்த முறை சேர்த்திருந்தேன். பழைய கெர்னல் ‘அப்படி ஒன்று என்னிடம் இல்லை’ என்று பதில் சொல்லும். நான் எழுதிய நிரல் அதை ‘எச்சரிக்கை எதுவும் இல்லை’ என்று எடுத்துக்கொண்டு, திரையில் பச்சை காட்டும்.

அவள் போனை எடுத்தாள். இரண்டு முறை தப்பான எண்ணை அழுத்தினாள். மூன்றாம் முறை நர்ஸ் எடுத்தார்.

"வார்டுல ஸ்கிரீன் எப்படிங்க இருக்கு?"

"ஏழு ரூமும் பச்சைங்க. உங்க புது சாஃப்ட்வேர் வந்ததுல இருந்து ஒரு சத்தம் இல்ல. இவ்வளவு அமைதியா இந்த வார்டு இருந்ததே இல்ல."

நான் எழுந்து நின்றேன்.

"ஸ்கிரீனை நம்பாதீங்க," என்றாள் அவள். "தப்பு எங்க மேல. ஏழு பம்பையும் கண்ணால போய்ப் பாருங்க. ஓடுங்க, இப்பவே ஓடுங்க!"

மேசையில் போனை வைக்கும் சத்தம் கேட்டது. ஓடும் காலடி. ஒரு கதவு. இன்னொரு கதவு. எங்கள் மேனேஜர் வந்து, "கட் பண்ணும்மா, வக்கீலைக் கேட்டுட்டுப் பேசலாம்" என்று கிசுகிசுத்தார். அவள் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையாட்டி மறுத்தாள்.

ஐந்தாவது கதவு திறந்த பிறகு யாரோ, "டாக்டரைக் கூப்பிடுங்க!" என்று கத்தினார்கள்.

ஒன்பது நிமிடம். நான் சாமி கும்பிடாத ஆள், அன்று வாய்க்கு வந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். அவள் அழவில்லை, உட்காரவும் இல்லை. கணவரின் அழைப்பு அவள் கைப்பையில் அடித்து அடித்து ஓய்ந்தது.

நர்ஸ் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "அஞ்சாம் ரூம்ல பிரஷர் விழுந்துடாம இருக்க ஏத்துற மருந்து தீர்ந்து போயிருந்துச்சு. மாத்திட்டோம். இப்ப பிரஷர் ஏறுது. ஆள் பிழைச்சுட்டாரு." பிறகு குரல் மாறியது. "பழைய சிஸ்டத்துல சோதிச்சாச்சுன்னு சொன்னீங்களே. யாருங்க அப்படிச் சொன்னது?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தாங்க," என்றாள்.

சொல்லியிருக்க வேண்டியவன் நான். வாயைத் திறந்தேன். பயத்தில் எனக்குக் குரலே வரவில்லை.