குதிரையைக் கட்டிப்போட வந்தவர்

வாஷிங் மெஷின் மெக்கானிக்குக்கு 'மாதிரி' என்று பட்டப்பெயர் வந்தது சும்மா இல்லை. போனை எடுத்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "சத்தம் எது மாதிரி இருக்கு?" கூழாங்கல் உருள்கிற மாதிரி என்றால் உள்ளே பட்டன் சிக்கியிருக்கிறது. பூனை கத்துகிற மாதிரி என்றால் பெல்ட் தேய்ந்திருக்கிறது. ஊரில் பாதி மெஷின்கள் அவர் குரலைக் கேட்டதுமே பயந்துபோய் ஒழுங்காக ஓட ஆரம்பித்துவிடும்.

அப்பேர்ப்பட்டவருக்கு நாற்பத்தாறு வயதில் பத்தாம் வகுப்புப் பரீட்சை. பாஸானால் கம்பெனியில் வேலை நிரந்தரம். பெயிலானால் இருக்கிற வேலைக்கும் கும்பிடு. மற்ற பாடமெல்லாம் எப்படியோ ஒப்பேற்றிவிடுவார். கவிதைதான் காலை வாரியது.

"உவமை புரியுது, அது நம்ம ஜாதகத்துலயே இருக்கு," என்றார் மனைவியிடம். "இந்த உருவகம்தான்... 'அவள் நிலா'ங்கிறான். பொம்பள எப்படி நிலா ஆவா?"

தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவே இல்லை. "என்னைப் பாத்து ஒருநாளாவது சொல்லியிருந்தா புரிஞ்சிருக்கும்."

மறுநாள் காலை ஒரு பஸ் டிரைவர் போன் செய்தார்.

"எது மாதிரி?"

"மாதிரியெல்லாம் இல்லைங்க. வீட்டுல ஒரு குதிரை நிக்குது. வந்து கட்டிப் போடுங்க."

ராங் நம்பர் என்று வைத்துவிட்டார் மெக்கானிக். டிரைவர் மறுபடி கூப்பிட்டு, வாஷிங் மெஷின்தான் என்று சத்தியம் செய்தபிறகே கிளம்பினார்.

டிரைவர் வீட்டில், துணி பிழிய ஆரம்பித்ததும் மெஷின் குளியலறையிலிருந்து புறப்பட்டு, கூடத்தைத் தாண்டி, வாசலுக்கே வந்துவிட்டது.

"இப்ப சொல்லுங்க, இது மெஷினா?" என்றார் டிரைவர்.

மெக்கானிக் குனிந்து, ஏற்றத்தாழ்வாக இருந்த அடிக்கால்களைத் திருகினார். அது இன்னும் துள்ளியது. "நில்லுடா ராஜா," என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். தட்டிய கை அப்படியே நின்றது. மாதிரி என்று யாருமே சொல்லவில்லை. ஆனாலும் அவர் தட்டியது குதிரையைத்தான்.

பரீட்சையில், 'மழை தெருவைத் துவைத்தது, வெயில் காயப்போட்டது' என்ற வரியை விளக்கச் சொன்னார்கள். மெக்கானிக் எழுதினார்: 'மாதிரி என்றால் தள்ளி நின்று பார்க்கிறோம். மாதிரி போய்விட்டால் கிட்டப்போய்த் தட்டிக்கொடுக்கிறோம். இங்கே மழைதான் துவைக்கிற ஆள். இடி இடித்தால் பிளக்கைக் கழற்றவும்.'

தமிழில் தேவை முப்பத்தைந்து. கிடைத்தது முப்பத்தாறு. கம்பெனிக்குச் சொல்வதற்கு முன்னால் வீட்டுக்கு ஓடினார். கதவருகே மூச்சு வாங்க நின்று, இருபது வருஷ பாக்கியை ஒரே மூச்சில் தீர்த்தார்.

"நீ நிலா."

மனைவியின் கால் மிதியில் நின்றது. "பாஸா?"

"பாஸு."

"எத்தனை மார்க்கு?"

"முப்பத்தாறு."

"அந்த மார்க்குக்குப் பிறைதான் வரும்," என்றாள். ஆனால் ஊசியில் நூல் கோக்க அவளுக்கு அன்று வெகுநேரம் பிடித்தது.