முந்தானையோடு தைத்த பூச்சடை

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அழ வேண்டியதை அழுது முடித்துவிட்டேன். இனி எழுதும்போது சிரிப்பு வந்தால் அடக்கப் போவதில்லை. அக்காவும் அடக்கச் சொல்லியிருக்க மாட்டார்.

அக்கா பிறந்தது வ. புதுப்பட்டி என்ற ஊரில். அப்பா பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து நிலம் பார்த்தவர். அக்கா மூத்தவர், நான் எட்டு வயது இளையவள், எனக்குப் பின் தம்பி. ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ் வேலையில் இருந்த அத்தானுக்கு அக்காவைக் கட்டிக் கொடுத்தார்கள். நாலு வருஷம் நன்றாக வாழ்ந்தார்கள். பிறகு வந்த ஒரு விஷக்காய்ச்சலில் அத்தான் போய்விட்டார். அக்காவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. பிள்ளை இல்லை.

ஊருக்கு வந்துவிடு என்று அப்பா எவ்வளவோ கூப்பிட்டார். அக்கா போகவில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தார். மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த பெண்களின் தலைமுடி சடை பிடித்துப் போயிருக்கும். மொட்டையடிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று மற்றவர்கள் கைவிட்ட தலைகளை அக்கா மடியில் வாங்கிக்கொள்வார். தேங்காய் எண்ணெயும் ஒரு மரச்சீப்பும்தான் ஆயுதம். முடி அறாமல் சிக்கெடுத்துப் பின்னிவிடுவார். குணமாகிப் போன பெண்கள், நல்ல நாள் வந்தால் அக்காவின் வீட்டுக்கே தேடி வர ஆரம்பித்தார்கள். இதையே தொழிலாக்கலாம் என்றார் அக்கா.

"தலை பின்னுததுக்குப் போய் யாரு அக்கா துட்டு கொடுப்பாவ?" என்று நான் கேட்டேன்.

"கொடுக்காமலா இம்புட்டு தூரம் நடந்து வாராவ?" என்றார் அக்கா.

இப்படித்தான் ராஜபாளையத்தில் கடை பிறந்தது. பஞ்சு வியாபாரத்தில் காசு புழங்கும் ஊர், கல்யாணமென்றால் கையை இறுக்காத ஊர். ஜவுளிக்கடைக்குப் பின்னால் ஓர் அறை, ஆள் உயரக் கண்ணாடி, இரண்டு நாற்காலி. 'பெண்கள் அலங்கார நிலையம்' என்று போர்டு. முதல் நாள் முதல் ஆளாக உள்ளே வந்தவர் மீசை வைத்த ஒரு பெரியவர். போர்டைப் படிக்காமல், கண்ணாடியை மட்டும் பார்த்துவிட்டுச் சவரத்துக்கு உட்கார்ந்துவிட்டார். அக்கா அவரைப் பதமாக எழுப்பி, வீட்டுப் பெண்களை அனுப்பும்படி சொல்லி அனுப்பினார். மறுநாள் அவர் மனைவி வந்தார்.

என் வீட்டுக்காரருக்கு ராஜபாளையத்தில்தான் வேலை. அதனால் நானும் கடையில் சேர்ந்தேன். சிக்கெடுப்பு, எண்ணெய்க் குளியல், சவுரிமுடி என்று அன்றாட வேலை வந்தது. ஆனால் அதில் வாடகைதான் தேறும். கடை நிலைக்க வேண்டுமானால் கல்யாணப் பெண்கள் வர வேண்டும். அங்கேதான் கதவு அடைத்தது. அக்கா கைம்பெண். நாங்கள் கோயிலை விட்டுச் சர்ச்சுக்குப் போய் இரண்டு தலைமுறை ஆகியும் எங்கள் சொந்தத்திலேயே அவர் கையால் பெண்ணுக்குப் பூ வைக்க விடமாட்டார்கள். மற்றவர்களை என்ன சொல்ல?

அக்கா சண்டை போடவில்லை. ஒரு வழி கண்டுபிடித்தார். சுந்தரபாண்டியத்திலிருந்து வரும் மல்லிகை மொட்டை வாழைப்பட்டையில் வைத்துத் தைத்து, முழுப் பூச்சடையையும் கடையிலேயே செய்துவிடுவார். கல்யாண வீட்டில் நான் அதைப் பெண்ணின் பின்னலோடு சேர்த்துத் தைப்பேன். நான் சுமங்கலி. அக்கா நிலைப்படிக்கு வெளியே நின்று கண்ணால் வேலை வாங்குவார். அவர் கை எனக்கு வராது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வேறு வழி இல்லை.

வெங்கடம்மாள் என்ற பெண்ணின் கல்யாணம். தெலுங்கு பேசும் பெரிய வீடு. அந்த வீட்டில் பேர் வாங்கினால் ஊரெல்லாம் கூப்பிடும், கெட்டால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். வெளியே மேளம் முழங்கிவிட்டது. அவசரமாகத் தைத்து முடித்தேன். பெண் எழுந்தாள். நானும் கூடவே எழுந்து போனேன். பூச்சடையோடு என் முந்தானையையும் சேர்த்துத் தைத்திருந்தேன்.

பதறிப்போய் இழுத்தேன் பாருங்கள், அதுதான் நான் செய்த பெரிய தப்பு. நூலும் முடியும் சேலையும் ஒரே உருண்டையாகிவிட்டன. இனி எதை வெட்டினாலும் முடியும் சேர்ந்துதான் வரும்.

"கத்திரிய எடுங்க, நேரமாவுது" என்றார் பெண்ணின் அத்தை.

"கல்யாணத்தன்னிக்கு எந்தலைல கத்திரி படக்கூடாது" என்றாள் வெங்கடம்மாள். "வெளிய நிக்காவளே, அந்த அக்காளக் கூப்பிடுங்க."

பெண்ணின் தாயார் நிலைப்படியைப் பார்த்தார். "ரா அம்மா" என்று தெலுங்கில் உள்ளே கூப்பிட்டார்.

அக்கா உடனே காலெடுத்து வைக்கவில்லை. "நான் வந்த பொறவு ஒரு சொல்லு வரப்படாது தாயி. எனக்காகச் சொல்லல, பிள்ளைக்காகச் சொல்லுதேன்."

"வராது. நீ வா."

அக்கா உட்கார்ந்தார். "சிக்கெடுத்தா நுனியில இருந்து வரணும்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன், ஏட்டி" என்று என் காதில் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு. நாதஸ்வரக்காரர் வாசித்த பாட்டையே மறுபடி வாசித்து முடிப்பதற்குள் நான் விடுதலையானேன். முடி ஒன்றும் அறவில்லை. பூச்சடையை அக்காவே தைத்து முடித்தார். முகூர்த்தம் தவறவில்லை.

அக்கா கை பட்ட பெண்ணுக்கு என்ன ஆகிறது என்று ஊர் ஒரு வருஷம் காத்திருந்தது. வெங்கடம்மாளுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? கல்யாண வீட்டுக்காரர்கள் அக்கா கைதான் வேண்டும் என்றார்கள். ஒரு தாயார் மட்டும், "எங்களுக்கு ஒண்ணு போதும், அவிய கைய லேசா வைக்கச் சொல்லுங்க" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். ஆனால் ஒன்று. பிள்ளை பிறக்காமல் போயிருந்தால் பழியை அந்தக் கை மேல்தானே போட்டிருப்பார்கள்? அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒரு கடை திறந்தோம். வேலைக்கு அக்கா நாலு பெண்களைச் சேர்த்தார், அதில் இருவர் கைம்பெண்கள். யுத்த காலத்தில் சீமைப் பவுடர் கிடைக்காதபோது பயற்றமாவும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்து வைத்து ஒரு நாளும் கடையை மூடாமல் நடத்தினார். அந்த லாபத்தில்தான் தம்பி படித்தான், புதுப்பட்டி நிலத்தில் கிணறு வெட்டினோம். இத்தனையிலும் அக்கா தன் தலையில் ஒரு பூ வைத்ததில்லை. கேட்டால், "கடைக்காரி சரக்குல கை வைக்கப்படாது" என்று சிரித்து மழுப்பிவிடுவார்.

நெஞ்சு நோயில் அக்கா படுத்திருந்த இரண்டு மாதமும் வந்து வந்து பார்த்த டாக்டருக்கும், கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், முறை வைத்துக் கண் விழித்த கடைப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னும் ஒருவருக்குச் சொல்ல வேண்டும்.

அடக்கத்தன்று வெங்கடம்மாள் ஒரு கூடை மல்லிகையோடு வந்தார். அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அந்தத் தலையை மடியில் வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று எங்கள் பக்கம் யாரோ முனகினார்கள். அவர் காதில் வாங்கவில்லை. ஊசியை எடுத்துக்கொண்டு நான் போய் நின்றேன்.

"நீங்க தள்ளி உக்காருங்க" என்றார் என்னிடம். "அவியளோட உங்க முந்தானையையும் சேத்துத் தைச்சிருவிய."

அழுதுகொண்டிருந்த வீடு சிரித்துவிட்டது. அக்கா தலை நிறையப் பூவோடு போனார்.