வெள்ளிக்கிழமை நாலு மணிக் கார்ட்டூன்

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகிறது. நானும் என் வீட்டுக்காரரும் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் மூன்று வருஷம் தேறாது. அவர் வளைகுடாவில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். நான் பாபநாசம் பக்கத்தில் மாடி வைத்துக் கட்டிய இந்த வீட்டில் தனியாக. மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. எங்கள் தெருவில் பாதி வீடுகளின் கதை இதுதான். அதனால் யாரிடமும் சொல்லி அழ முடியாது. “உனக்கு மட்டுமா?” என்று வாயை அடைத்துவிடுவார்கள்.

ஒவ்வொரு லீவிலும் “இந்தத் தடவையோட சரி, விசாவைக் கேன்சல் பண்ணிட்டு வந்துடறேன்” என்பார். வரமாட்டார். ஆரம்பத்தில் எப்போது வருகிறீர்கள் என்று நச்சரித்தேன். பிறகு விட்டுவிட்டேன். பயணம் போன ஆளைக் கலங்க வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னது பாதிக் காரணம். என் வறட்டு ரோஷம் மீதி.

போனில் பேசவும் விஷயம் தீர்ந்துவிட்டது. சாப்பிட்டியா, மழையா, கரண்ட் இருக்கா. அதோடு சரி. அப்படி இருந்தபோதுதான் அந்தக் கார்ட்டூன் தொடரைச் சொன்னார். விண்வெளியில் சரக்கு ஏற்றிப் போகிற ஒரு ஓட்டைக் கப்பல், அதில் உருப்படாத நாலைந்து பேர். பேச்சு இங்கிலீஷ், கீழே எழுத்து ஓடும்.

“பேத்தி எடுத்த வயசுல கார்ட்டூனா மச்சான்?”

“பாத்துட்டுப் பேசு.”

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. ஜும்ஆ தொழுது, சாப்பிட்டுவிட்டு, கட்டிலில் சாய்ந்துகொண்டு அழைப்பார். இங்கே நாலு மணி ஆகியிருக்கும். அவர் அங்கே, நான் இங்கே, இருவரும் ஒன்றாக பிஸ்மி சொல்லிப் பட்டனை அமுக்குவோம். படம் முடிந்ததும் வாக்குவாதம். இயந்திர மனிதன் அழுதால் அதற்கு ரூஹு, அதாவது ஆன்மா, உண்டா? “மிஷினுக்கு ஏதும்மா ரூஹு?” என்பார் அவர். “ரூஹு இருக்கற மனுஷங்க மட்டும் என்ன கிழிச்சாங்க?” என்பேன் நான். இன்னொரு உலகத்தில் இன்னொரு நான் இருந்தால், அவள் செய்த பாவத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டுமா? இப்படி அரை மணி நேரம் போகும். வாரத்தில் நான் மனுஷனோடு மனுஷியாகப் பேசியது அந்த அரை மணி நேரம்தான். அப்புறம் பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு கேட்கும். விளக்கைப் போட்டுவிட்டு ஒருத்திக்கு இரண்டு தோசை ஊற்ற வேண்டும். அந்த நேரத்தை நான் வெறுத்தேன்.

அது ஐப்பசி அடைமழைக் காலம். ஒரு வெள்ளிக்கிழமை இப்படி ஒரு கதை வந்தது. கப்பல்காரன் ஒருவன் நீண்ட பயணம் போகும்போது தன்னைப் போலவே ஒரு நகல் செய்து பெண்டாட்டியோடு விட்டுவிட்டுப் போகிறான். முப்பது வருஷம் கழித்துத் திரும்புகிறான். நகல் குழாயைச் சரிசெய்துகொண்டு நிற்கிறது. யார் புருஷன் என்று இரண்டு பேரும் கோர்ட்டுக்குப் போகிறார்கள். தீர்ப்பு வருவதற்குள் அவர் “நிறுத்து, நிறுத்து” என்றார். இருவரும் நிறுத்தினோம்.

“நீ ஜட்ஜா இருந்தா என்னம்மா சொல்லுவே?”

அந்த வாரம்தான் பட்டா மாற்ற தாலுகா ஆபீஸில் இரண்டு நாள் கால்கடுக்க நின்றிருந்தேன். மாடி வேறு ஒழுகியது. போன வருஷம் மகளுக்கு வலி எடுத்தபோது, முழங்கால் தண்ணீரில் ஆட்டோ பிடித்துக் கும்பகோணம் போனதும் நான்தான்.

“இதுல யோசிக்க என்ன மச்சான் இருக்கு? வீட்ல இருந்தவன்தான் புருஷன். வந்தவன் விருந்தாளி.”

“அவன் நெனப்பெல்லாம் அவகிட்டதானே இருந்துச்சு?”

“நெனப்பு வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவுமா?”

“சரிதான்” என்றார். படத்தை ஓடவிட்டோம். அந்தப் பெண்டாட்டி இரண்டு பேரையும் கோர்ட்டிலேயே விட்டுவிட்டுக் கப்பலை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மச்சானை வாதத்தில் மடக்கிவிட்டேன் என்று இரண்டு நாள் பெருமையாக இருந்தது.

தை மாதம் பின்பக்க வயலில் அறுவடை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. தூசுக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். படம் போடுவதற்கு முன்னால், ஊர்ச்செய்தி சொல்வது மாதிரி அவர் சொன்னார்.

“இன்னும் ரெண்டு வருஷம் இங்க வேலை பாக்கக் கையெழுத்துப் போட்டுட்டேன்மா. அந்த நகல் கதை பாத்தோமே, அன்னைக்குக் கேன்சல் பண்ணிட்டு வந்துடலாம்னுதான் இருந்தேன். படம் முடிஞ்சதும் உங்கிட்ட சொல்லலாம்னு நெனச்சேன்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“நீ சொன்னது நியாயமாப் பட்டுச்சு. விருந்தாளி மாதிரி வந்து உக்காந்து உனக்கு எதுக்குச் சிரமம்?”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் அப்படித்தான் கெட்டேன். கார்ட்டூனைத்தானே சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் வரவில்லை. அன்றைக்கு நான் பேசியது கார்ட்டூனைப் பற்றி அல்ல. ஆனால் வராதீர்கள் என்றும் நான் சொல்லவில்லையே. இத்தனை வருஷம் இங்கே ஏன் இல்லாமல் போனீர்கள் என்று திட்டினேன். திட்டியது அவருக்குக் கேட்டது, கூப்பிட்டது கேட்கவில்லை.

மிஷின் சத்தத்தில் காதில் விழாமல் போய்விடுமோ என்று போனை வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டேன்.

“எனக்கு நீங்க இங்க வேணும் மச்சான்.”

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார்.