மின்னல் அக்காவின் பயக்கணக்கு

பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் காலர் தைப்பவள் அவள். மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது மின்னல் தாக்கி, பிழைத்து வந்ததிலிருந்து எல்லோருக்கும் மின்னல் அக்கா. தோளிலிருந்து முழங்கை வரை மரக்கிளை போலப் படர்ந்திருந்த சிவப்புத் தடம் சில நாளில் மறைந்துவிட்டது. காதில் ரீங்காரம் மட்டும் நின்றபாடில்லை.

"பத்து லட்சம் பேர்ல ஒருத்தருக்கு நடக்கிறதும்மா," என்றார் டாக்டர். ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த ஒருத்தி தானாகிப்போனதை நினைக்க அவளுக்குத் தலை சுற்றியது.

பட்டன் தைக்கும் தோழிக்குச் சந்தேகமே இல்லை. "இனி உனக்கென்னடி! வரவேண்டியது வந்துட்டுப் போயிடுச்சு. உன் பக்கத்துல நின்னாலே எங்களுக்குப் பாதுகாப்பு."

தம்பி காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துக் கணக்குப் பார்ப்பவன். சாப்பிட வந்தவனிடம் இதைக் கேட்டாள்.

"மின்னலுக்கு ஞாபகசக்தி கிடையாதுக்கா. போன தடவை யாரை அடிச்சோம்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப மறுபடியும் அடிக்குமா?"

"அடிக்கலாம். அதே பத்து லட்சத்துல ஒண்ணு. அதை விடு. மாமா ஹெல்மெட் இல்லாம வண்டி ஓட்டுறாரே, அது இதைவிட எத்தனையோ மடங்கு ஆபத்து. பாத்ரூம்ல வழுக்கி விழுறதுகூட அப்படித்தான்."

அவன் நிம்மதியாகக் கை கழுவப் போனான். இவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு அரிதானதே தேடி வந்து அடித்தது என்றால், சுலபமாக நடக்கக்கூடியதெல்லாம் ஏன் இன்னும் நடக்கவில்லை? அன்றிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு குளித்தாள். அடுப்பை அணைத்தபின் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தாள்.

ஒரு சாயங்காலம் வேலை விட்டு வெளியே வந்தபோது வானம் கறுத்து உறுமியது. கணவர் ஸ்கூட்டரோடு காத்திருந்தார். தலையில் கைக்குட்டை கட்டியிருந்தார், அவ்வளவுதான்.

"சீக்கிரம் ஏறு, மழை வலுக்கறதுக்குள்ள போயிடலாம்."

ஏறினால் ஈரச்சாலை. நின்றால் இடி. ஒரு காலை வண்டியில் வைத்தவள் எடுத்துவிட்டாள்.

"ஏறுறியா, இல்லையா?"

"எது பெரிய ஆபத்துன்னு யோசிக்கிறேங்க."

"நனைஞ்சா சளி பிடிக்கும், அதுதான் பெரிசு!"

வானம் வெடித்தது. அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிரே இருந்த மருந்துக்கடைக்குள் ஓடினாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே நாற்காலி போட்டார். இடி ஓய்ந்த பிறகும் வெகுநேரம் அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்ததும், ஹெல்மெட் வாங்கினால்தான் வண்டியில் ஏறுவேன் என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே நாலு கடை தள்ளிப் போய் வாங்கி வந்தார். காது மடங்க அதை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

மறுநாள் தம்பிக்குப் போன் செய்து, கடைக்குள் ஓடியதையும் ஹெல்மெட் வாங்க வைத்ததையும் சொன்னாள்.

"ரெண்டுமே சரிக்கா. நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்."

"சரியா செஞ்சும் ஏன்டா பயம் போகல?"

"தெரியலக்கா. பிளேன்தான் ரொம்பப் பாதுகாப்புன்னு ஊருக்கெல்லாம் நான் சொல்றேன். ஏறி உட்கார்ந்தா எனக்கே கை வேர்த்துக் கொட்டுது."

சிரிப்பதா, அழுவதா என்று அவளுக்கு விளங்கவில்லை.

அடுத்த மாதம் அவன் விமானத்தில் வெளியூர் கிளம்பினான். வழியனுப்ப வந்தவள் அவன் கையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமாகத்தான் இருந்தது. விமான நிலையத்துக்குப் போகும் டாக்ஸிக்குள் அவன் சாய்ந்து உட்கார்ந்ததும், "பெல்ட்டைப் போடுடா," என்றாள்.